பை-ஹோல் டாக்கரில்: கரண்ட் போய் வந்த பிறகு

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கம் கணவாய்க் காற்று தென்னை மட்டையைக் கம்பிமேல் தள்ளிவிடும். அன்றைக்கு நாலு தடவையாவது கரண்ட் போகும். வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர் பை-ஹோல் (தளப் பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ்). அதை டாக்கரில், அதாவது நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில், ஓடவைப்பது அரை மணி நேர வேலை. கரண்ட் திரும்பியதும் யாரும் தொடாமல் அது தானே எழ வேண்டும், பாடு அதில்தான்.

சாமான்: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (இனி 'பை'; 2 ஜிபி தாராளம்), 32 ஜிபி கார்டு, உபுண்டு சர்வர் 24.04, ரவுட்டருக்கு லேன் கேபிள். வைஃபையில் வைக்க வேண்டாம். பைக்கு 192.168.1.5 என்ற முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

முதல் முட்டுக்கட்டை 53-ஆம் போர்ட், டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசல். உபுண்டுவின் சொந்தப் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53 என்ற உள் முகவரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். கண்டெய்னர் 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லிப் படுத்துவிடும். சிலர் கம்போஸ் கோப்பில் (கண்டெய்னரின் அமைப்பை எழுதும் கோப்பு) போர்ட்டை 192.168.1.5-க்கு மட்டும் கட்டி இதைத் தாண்டுகிறார்கள். அன்றைக்கு வேலை செய்யும். கரண்ட் வந்து பை எழும்போது ரவுட்டர் இன்னும் எழுந்திருக்காது, பைக்கு அந்த முகவரி கிடைத்திருக்காது, கண்டெய்னர் கிளம்பாது. அந்தக் கோப்பில் 'ரீஸ்டார்ட்' (திரும்பக் கிளப்பு) வரி இருக்கிறதே என்றால், ஒருமுறை ஒழுங்காகக் கிளம்பிய கண்டெய்னர் விழுந்தால்தான் டாக்கர் அதைத் திரும்ப எழுப்பும். கிளம்பவே முடியாததை அப்படியே விட்டுவிடும்.

ஆகவே ரிசால்வ்டு அமைப்புக் கோப்பில் ஸ்டப் லிசனர் (அந்த 53-ஐப் பிடித்துவைக்கும் பகுதி) வரியை 'நோ' ஆக்குவதே சரி. கூடவே ரிசால்வ் கோப்பின் இணைப்பையும் ஸ்டப் கோப்பிலிருந்து அசல் கோப்புக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யுமுன் பை-ஹோல் இமேஜை (கண்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) இறக்கிவையுங்கள்; நடுவில் பெயர் தேடுவது நின்றுபோனால் இமேஜ் எங்கிருந்து வரும்?

கம்போஸ் கோப்பில் 53 டிசிபி, யுடிபி இரண்டும் வேண்டும். நிர்வாகப் பக்கத்துக்கு 8080-ஐ 80-க்குத் திருப்பலாம். பை-ஹோல் அமைப்புக் கோப்புறையை கண்டெய்னருக்கு வெளியே வால்யூமாக (நிலையான சேமிப்பிடமாக) வைக்காவிட்டால், இமேஜைப் புதுப்பிக்கும்போது தடுப்புப் பட்டியல் எல்லாம் போய்விடும். டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க் (கண்டெய்னருக்குத் தனி உள் நெட்வொர்க்) என்றால் பை-ஹோலின் லிசனிங் மோடை 'ஆல்' ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் 192.168.1-இலிருந்து வரும் கேள்விகளை வெளியாள் என்று நினைத்து அது ஒதுக்கிவிடும். அப்படி 'ஆல்' வைத்த பின் ரவுட்டரில் 53-ஐ வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது.

அடுத்தது கடிகாரம். பை 4-இல் நேரம் காக்கும் பேட்டரி கிடையாது. நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எழும்போது அதன் மணி நாலு மணி நேரம் பின்னால் நிற்கும். டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் சில கையொப்பங்கள் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்று தள்ளப்படும். நேர சர்வரின் பெயரைத் தேடவும் அதே பை-ஹோல்தான் என்றால் முடிச்சு இறுகிவிடும்: நேரம் சரியாக டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் சரியாக நேரம் வேண்டும். பையின் சொந்த டிஎன்எஸ்ஸை வெளி சர்வரான 1.1.1.1 என்று தனியே வைத்தால் முடிச்சு அவிழும்.

ரவுட்டருக்கு வாங்கிய மினி யுபிஎஸ்ஸிலிருந்தே பைக்கும் கரண்ட் எடுக்க ஆசை வரும். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அந்த யுஎஸ்பி துளை பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் தரும். வோல்ட்டேஜ் இறங்கினால் எஸ்டி கார்டு கெடலாம்.

சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி-யில் முதல் டிஎன்எஸ் 192.168.1.5. இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8-ஐப் போடாதீர்கள். அது ஸ்டெப்னி டயர் மாதிரி காத்திருக்காது. பல போன்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும், பாதி விளம்பரம் அந்த வழியாக நுழையும். ஐபிவி6 வழியாக ரவுட்டர் தன் டிஎன்எஸ்ஸை அறிவிப்பதையும் பார்த்து நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் யாராவது வேறு சர்வரின் பெயர் கொடுத்து வைத்திருந்தால் அந்த போன் பை-ஹோல் பக்கமே வராது. யூடியூப் விளம்பரம் போகுமா என்று வீட்டில் கேட்பார்கள். போகாது, வீடியோ வரும் அதே இடத்திலிருந்துதான் விளம்பரமும் வருகிறது.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டர், பை இரண்டையும் முறைப்படி நிறுத்திவிட்டு, அவை இருக்கும் மெயின் ஸ்விட்சை இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து ஏற்றுங்கள். பையைத் தொடாமல் போனில் ஒரு மலையாளச் செய்தித் தளத்தைத் திறங்கள். விளம்பரம் இருந்த இடம் வெறுமையாகவும் செய்தி முழுதாகவும் வந்தால் சாரலைத் தாங்கும்.