பொறந்த தேதியா, பிஎச்டி தேதியா?

எங்க ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புல வாரம் தவறாம அந்த மெசேஜ் வந்துருது. "பெஸ்ட் ரிசர்ச்சர் அவார்டு, யங் சயின்டிஸ்ட் அவார்டு, நாமினேஷன் ஓப்பன்"னு கோப்பை படத்தோட. கீழ பொடி எழுத்துல பிராசஸிங் ஃபீஸ் இம்புட்டு, மெமென்டோவுக்கு தனி, விழாவுக்கு வர முடியலன்னா குரியருக்குத் தனி. இதுல கமிட்டி யாரு, போன வருஷம் யாருக்கு எதுக்கு குடுத்தாய்ங்க, ஒண்ணும் இருக்காது. ஆனா காலேஜுக்குத் தரம் போட வர்ற நாக் குழு விசிட்டுக்கும் அப்ரைசல் ஃபார்முக்கும் "விருதுகள்"னு ஒரு கட்டம் காலியா கெடக்கே, அதை நெரப்பணுமேன்னு ஆளுங்க கட்டிர்றாங்க. நான் ரொம்ப குறை சொல்ல மாட்டேன், கட்டத்தை வச்சது அவங்க இல்லையே. ஆனா அந்தக் காசையும் அந்த ஃபார்ம நெரப்புற பொழுதையும் நெசமான ஒரு கிராண்டுக்கு, அதாவது ஆராய்ச்சிக்குக் குடுக்குற நிதிக்கு, போட்டுருக்கலாமேன்னுதான் வயிறு எரியுது.

விருதுன்னா என்னன்னு பாக்க ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம வத்திராயிருப்புல பொறந்து, இங்க கோரிப்பாளையம் பக்கத்துல இருக்க அமெரிக்கன் காலேஜ்ல படிச்சவர் கே.எஸ்.கிருஷ்ணன், சி.வி.ராமன்கூட சேந்து 1928ல ராமன் விளைவுன்னு பேரு வாங்குன அந்த ஒளிச்சிதறல் வேலையப் பண்ணவர். விஞ்ஞானிகளுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 1958ல ஆரம்பிச்சப்ப மொத மொத வாங்குனது அவர்தான். அப்ப அவருக்கு கிட்டத்தட்ட அறுபது வயசு. பின்னாடி அந்தப் பரிசுக்கு 45 வயசு வரம்பு வந்துருச்சு, அதாவது அந்த ரூல வச்சுப் பாத்தா கிருஷ்ணனுக்கே ஏஜ் ஓவர்! இப்ப அது ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார்னு மாறி, இளையவங்களுக்கான விஞ்ஞான் யுவா பிரிவுல பட்நாகர் பேரோட ஓடுது. 2024ல மொத தடவை குடுத்தாங்க, பதக்கமும் சான்றிதழும்தான். நாமினேஷனுக்கு பத்து பைசா ஃபீஸ் கெடையாது, அதையும் சொல்லிர்றேன்.

இந்த வயசு விஷயத்தைத்தான் நான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். நம்ம ஊர் காலேஜ் வாத்தியார்கள்ல பாதிப் பேரோட கதை என்னன்னா, எம்எஸ்சி இல்ல எம்இ முடிச்ச கையோட வேலைக்குச் சேந்துர்றது, கல்யாணம், குழந்தை, வீட்டு லோன், அதுக்கு நடுவுல பார்ட் டைம்ல பிஎச்டி ரிஜிஸ்டர் பண்ணி, வைவா முடிக்கிறப்ப முப்பத்தெட்டு நாப்பது ஆயிரும். அப்புறம் உக்காந்து ஃபண்டிங் பக்கம் தேடுனா எல்லா கதவுலயும் பொறந்த தேதியக் கேக்குறாய்ங்க. இன்ஸ்பயர் ஃபேகல்டிக்கு 32 வயசு, எஸ்சி எஸ்டிக்கும் பெண்களுக்கும் 35 வரைக்கும். பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சிக்கு, போஸ்ட்டாக்னு சொல்றாங்கல்ல, அதுக்கான நேஷனல் போஸ்ட் டாக்டோரல் ஃபெல்லோஷிப்புக்கு 35. வெளிநாட்டுல இருந்து திரும்பி வர்றவங்களுக்கான ராமானுஜன் ஃபெல்லோஷிப்புக்கு 40. நேரா படிச்சு நேரா முடிச்ச பிள்ளைகளுக்கு சரியா இருக்கும், நமக்கு கதவு சாத்திருக்கும். "நமக்கெல்லாம் எங்க சார், ஐஐடிக்காரங்களுக்குத்தான்"னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றதுக்குப் பின்னாடி இருக்கது பாதி இந்த வயசுக் கணக்குதான், ஐஐடி இல்ல.

ஆனா வெளிநாட்டு ஸ்கீம் நெறைய பொறந்த தேதியப் பாக்குறதே இல்ல, பிஎச்டி வாங்குன தேதியத்தான் பாக்குது. ஜெர்மனியோட ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்ல போஸ்ட்டாக் பிரிவுக்கு பிஎச்டி முடிச்சு நாலு வருஷத்துக்குள்ள இருக்கணும், அனுபவசாலிகள் பிரிவுக்கு பன்னெண்டு வருஷம். வயசு பத்திப் பேச்சே கெடையாது, கடைசித் தேதியும் கெடையாது, வருஷம் பூரா எப்ப வேணா அனுப்பலாம், ஆனா அங்க ஒரு புரொபசர் உங்கள ஏத்துக்கிட்டு லெட்டர் குடுக்கணும். ஐரோப்பாவோட மேரி கியூரி போஸ்ட்டாக்ல பிஎச்டிக்கு அப்புறம் எட்டு வருஷ ஆராய்ச்சி அனுபவத்துக்குள்ள இருந்தா போதும், எந்த நாட்டுக்காரங்களும் போடலாம், குழந்தைக்காக வேலைய விட்டு நின்ன காலத்தை கழிச்சுருவாங்க. பொதுவா செப்டம்பர்ல முடியும். இதுல ஒரு சங்கதி இருக்கு, ஏனோதானோன்னு எழுதிப் போட்டு மார்க் ரொம்ப கொறஞ்சுட்டா அடுத்த வருஷம் அதே இடத்துக்குத் திரும்பப் போட விடமாட்டாங்க, அதனால "சும்மா போட்டுப் பாப்போம்"னு போடுற ஸ்கீம் இல்ல இது. நாப்பது வயசுல பிஎச்டி வாங்குன நம்ம ஆளுக்கு டெல்லியவிட ஹம்போல்ட் ஆபீஸ் இருக்க பான் நகரம் பக்கம்னு நான் சொன்னா சிரிக்கிறாய்ங்க, ஆனா ரூல் அப்படித்தான இருக்கு.

உள்ளூர் ஸ்கீம்லயும் கொஞ்சம் இடைவெளி இருக்கு, அதை நம்ம ஆளுங்க படிக்கிறதே இல்ல. அந்த நேஷனல் போஸ்ட்டாக் இருக்குல்ல, அதுல எஸ்சி எஸ்டி பெண்கள் மாற்றுத்திறனாளிகளோட ஓபிசிக்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு தம்பி "அண்ணே நான்தான் பிசியாச்சே, சர்டிபிகேட் வச்சுருக்கேன்"னு பத்தாங்கிளாஸ்ல வாங்குன கம்யூனிட்டி சர்டிபிகேட்ட எடுத்துட்டு வந்துட்டாப்ல. அது மாநில சர்டிபிகேட்டுப்பா, சென்ட்ரலுக்கு செல்லாது. ஓபிசின்னு சென்ட்ரல் ஃபார்மட்ல, கிரீமி லேயர் இல்லன்னு சொல்லி தனியா வாங்கணும், இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சா தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். கடைசித் தேதிக்கு மொத வாரம் போய் நின்னா வராது. கால், அதாவது விண்ணப்பிக்கச் சொல்ற அறிவிப்பு, வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுருங்க.

இப்ப நான் எல்லாத்தவிடயும் நம்ம ஊருக்குப் பொருத்தம்னு நெனைக்கிற ஸ்கீமுக்கு வர்றேன். டேர் (TARE)னு பேரு, வாத்தியார்களுக்காகவே செர்ப்ங்கற மத்திய அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பு கொண்டு வந்தது. வேலைய விட வேணாம், சம்பளம் பாட்டுக்கு வரும். மாநிலப் பல்கலைக்கழகத்துலயோ காலேஜ்லயோ ரெகுலர் போஸ்ட்ல இருக்கவங்க பக்கத்துல இருக்க ஒரு ஐஐடி, ஐசர், சிஎஸ்ஐஆர் லேப் மாதிரி மத்திய அரசு ஆராய்ச்சி இடத்துல வருஷத்துக்கு கொறஞ்சது 90 நாள் போய் வேலை பாக்கணும், மூணு வருஷத்துக்கு. செர்ப் காலத்துக் கணக்குப்படி வருஷம் 60,000 ரூபா ஃபெல்லோஷிப், அஞ்சு லட்சம் ரூபா ஆராய்ச்சிப் பணம், அந்த அஞ்சு லட்சம் ரெண்டு இடத்துக்கும் சரிபாதி. அந்தச் சரிபாதிதான் இதுல அழகு, ஏன்னா அங்க மட்டும் பணம் போயிருச்சுன்னா நம்ம லேப் எப்பவும் போல ஒடஞ்ச பீக்கரோடதான இருக்கும்.

மதுரைக்காரங்களுக்கு இதுக்கு கையில வெண்ணெய் மாதிரி காரைக்குடில செக்ரி இருக்கு, சிஎஸ்ஐஆரோட மின்வேதியியல் லேப். மாட்டுத்தாவணில வெள்ளன பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம். எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி, பேட்டரி, கரோஷன்னு இருக்கவங்களுக்கு நாட்டுலயே பெரிய இடம் அது. அந்த லேப் எப்படி வந்துச்சுன்னு தெரியும்ல, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபா பணமும் குடுத்து காரைக்குடிக்குக் கூட்டிட்டு வந்தாரு, 1948ல அடிக்கல் வச்சு 1953ல தொறந்தாங்க. இப்ப செர்ப்ப உள்ள இழுத்துக்கிட்டு ஏஎன்ஆர்எஃப்னு 2023 சட்டத்துல புது அமைப்பு வந்துருக்குல்ல, அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடி, அதுல பெரும்பங்கு, சுமார் 36,000 கோடி, தனியார் கிட்ட இருந்தும் தானமாவும் வரும்னு கணக்குப் போட்டுருக்காங்க. அழகப்பர் மாதிரி ஆளுங்க எத்தன பேரு கெளம்பி வர்றாங்கன்னு பாப்போம், எனக்கு கொஞ்சம் சந்தேகம்தான். அமைப்பு மாறுனதுல ஸ்கீம் பேரு, வயசு, தொகை எல்லாம் மாறிக்கிட்டே இருக்கு, அதனால யாரோ ஃபார்வர்டு பண்ண பழைய பிடிஎஃப்ப நம்பாம அப்பப்ப வர்ற கால் அறிவிப்பத்தான் படிக்கணும்.

புரோபோசல் எழுதுறதப் பத்தி ஒண்ணு. பேட்டரி கொண்டாந்தாலும் நானோ பார்ட்டிக்கிள் கொண்டாந்தாலும் பெரிய லேப்ல பண்றதையே சின்ன லேப்ல பண்றேன்னு எழுதுனா ரிவ்யூவர் ஏன் உங்களுக்குக் குடுக்கணும்? நம்ம காமராஜர் யூனிவர்சிட்டில எம்.கே.சந்திரசேகரன், உடம்புக்குள்ள நேரம் பாக்குற உயிர்க்கடிகாரம் பத்தி ஆராய்ச்சி பண்ணப்ப, பக்கத்துல சமணர் மலைக் குகைல இருக்க வவ்வாலத்தான் எடுத்தாரு. வவ்வால் நாகமலை பக்கமே இருக்கு, கேள்வியோ ஒலகம் பூரா இருக்க கேள்வி. பட்நாகர் பரிசு வாங்குன ஆளு அவரு. வைகைத் தண்ணி, கிரானைட் குவாரித் தூசி, சுங்குடிச் சாயக்கழிவு, மல்லிகைப்பூ வாடாம வைக்கிறதுன்னு நம்மகிட்ட இருக்க கேள்விய வேற ஊர்க்காரன் நம்ம அளவுக்கு கேக்க முடியாது. இதச் சொன்னா "சார் அதெல்லாம் லோக்கல் டாப்பிக் சார், ஜர்னல்ல எடுக்க மாட்டாங்க"ங்கறாங்க. டாப்பிக் லோக்கலா இருக்கலாம், கேள்வி லோக்கலா இருக்கக் கூடாது, அம்புட்டுதான்.

கிராண்டுக்கே போக பயமா இருக்குன்னா நாட்டோட மூணு அறிவியல் அகாடமியும் சேந்து நடத்துற சம்மர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் இருக்கு. எல்லாரும் அது ஸ்டூடண்ட்ஸுக்குன்னு நெனச்சுக்கிட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டுப் போயிர்றாங்க. டீச்சர்ஸும் போடலாம். லீவுல ரெண்டு மாசம் ஒரு நல்ல லேப்ல உக்காரலாம், அங்க பழகுற ஆளுதான் பின்னாடி டேருக்கு ஹோஸ்டா, அதாவது நம்மள லேப்ல ஏத்துக்குற ஆளா, வருவாரு. கால் பெரும்பாலும் வருஷக் கடைசில வரும், செமஸ்டர் பரீட்சை பேப்பர் திருத்துற சமயத்துலதான் வரும்ங்கறது நம்ம தலையெழுத்து. அமெரிக்கா போகணும்ங்கறவங்களுக்கு ஃபுல்பிரைட் நேரு இருக்கு, அதுல பேராசிரியர்களுக்கான பிரிவுக்கு அஞ்சு வருஷ அனுபவம் வேணும், அதுக்கு மேல நான் இங்க விரிக்கல.

பணம் வந்தப்புறம்தான் ஆட்டமே. மொதல்ல ஆள் கெடைக்காது. ஜேஆர்எஃப்னு சேக்குற ஆராய்ச்சி மாணவருக்கு 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூபா, நல்ல தொகைதான், ஆனா அதுக்கு வேண்டிய நெட் பரீட்சையோ கேட் பரீட்சையோ தேறுன பையன் நம்ம காலேஜுக்கு ஏன் வரணும், பெங்களூர் போயிருவான். அதனால நம்ம எம்எஸ்சி பிள்ளைகள ரெண்டாவது வருஷத்துலயே நெட்டுக்கு உக்கார வைங்க, அதுவும் நம்ம புரோபோசல்ல ஒரு பகுதின்னே நெனச்சுக்கங்க. அப்புறம் ஆபீஸ். காலேஜுக்குச் சம்மதம்னு சொல்ற எண்டார்ஸ்மென்ட் லெட்டர்ல கையெழுத்து வாங்க பிரின்சிபல் ரூம் வாசல்ல நிக்கிறதுல இருந்து, ஒரு கெமிக்கல் வாங்க மூணு கொட்டேஷன் தேடி டவுன்ல அலையுறது வரைக்கும் ஆராய்ச்சில சேராத ஆராய்ச்சி நெறைய இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு மேடம் கிராண்டு வந்ததும் மொதல்ல போய்ப் பாத்தது எக்யூப்மென்ட் கம்பெனிய இல்ல, அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல இருக்க அண்ணனத்தான். கெட்டிக்காரங்க. பில்லு எந்தத் தலைப்புல போகும், கன்ஸ்யூமபிள்ஸ்ல வர்றத எக்யூப்மென்ட்ல போட்டா என்னாகும்னு அவருக்குத்தான் தெரியும்.

மார்ச் 31 வந்தா பணத்த எதுக்குச் செலவழிச்சோம்னு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் குடுக்கணும், ஜிஎஃப்ஆர் 12-ஏங்கற அரசு ஃபார்ம்ல, செலவுக் கணக்கோட. அதுல கணக்கு பைசா சுத்தமா ஒட்டணும். பணம் காலேஜ் பேங்க் கணக்குல கெடந்து வட்டி ஏறிருந்தா அந்த வட்டி நம்மளுது இல்ல, பாரத்கோஷ்ங்கற மத்திய அரசு இணையதளத்துல திருப்பிக் கட்டணும். கட்டுன ரசீத உடனே ஸ்கேன் பண்ணி சான்க்ஷன் ஆர்டர் இருக்க ஃபோல்டர்லயே போட்டு வைங்க, அடுத்த தவணை கேக்குறப்ப தேடுனா அந்தக் காயிதம் மட்டும்தான் காணாமப் போயிருக்கும்.