பிள்ளைக்கு மூச்சுத்தான பிரச்சனை, கண் டாக்டர் எதுக்கு?

குறைமாசத்துல குழந்தை பொறந்து என்ஐசியூல, அதாவது பச்சப் பிள்ளைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, இருக்கும்போது பெத்தவங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது. எங்க பொண்ணு 27 வாரத்துல பொறந்தா, நாங்களும் இதையேதான் கேட்டோம். அங்க இருந்த ஒரு சிஸ்டர்தான் நிதானமா நின்னு சொன்னாங்க, கண்ணும் நுரையீரலும் தனித்தனி கதை இல்லம்மா, ரெண்டுக்கும் நடுவுல ஆக்சிஜன் இருக்குன்னு. அதுக்கப்புறம் டாக்டருங்ககிட்ட கேட்டு கேட்டு, தேடித் தேடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டத இங்க எழுதி வைக்கிறேன், இப்ப என்ஐசியூ வாசல்ல உக்காந்திருக்குற யாருக்காவது உதவும்.

முதல்ல நுரையீரல். காத்து போய் நிக்கிற குட்டிக் குட்டிப் பைங்க சரியா உருவாகுறதே கடைசி மாசங்கள்லதான். அந்தப் பைங்க சுருங்கி மூடிக்காம இருக்க உள்பக்கம் சர்ஃபாக்டன்ட்னு ஒன்னு சுரக்கணும், 27 வாரத்துல அது போதுமான அளவு இருக்காது. அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளை போராடணும், நெஞ்சு உள்ள இழுக்கும், மூச்ச விடுறப்போ முனகுற மாதிரி ஒரு சத்தம் வரும். இந்த சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம்னு மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் சொன்னது 1959ல. ஆனா மருந்து வரல. 1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட மகன் பேட்ரிக் அஞ்சரை வாரம் முன்னாடி பொறந்து இதே நோயில ரெண்டே நாள்ல போயிட்டான், ஜனாதிபதி பிள்ளைக்கே அன்னைக்கு வழி இல்ல. 1980ல ஜப்பான்ல ஃபுஜிவாராங்குற டாக்டர் சர்ஃபாக்டன்ட்ட குழந்தைங்களோட நுரையீரலுக்குள்ள நேரா விட்டு பலன் கிடைச்சத வெளியிட்டார். இன்னொன்னு, பிரசவம் முன்னாடியே ஆகிடும்னு தெரிஞ்சா அம்மாவுக்குப் போடுற ஸ்டீராய்டு ஊசி, நியூசிலாந்துல லிக்கின்ஸும் ஹோவியும் 1972ல வெளியிட்ட ஆராய்ச்சில இருந்து வந்தது. அந்த ஊசி எனக்கும் போட்டாங்க, யாருக்காவது போடணும்னு சொன்னா தயவுசெஞ்சு பயந்து வேணாம்னு சொல்லிடாதீங்க.

இப்ப சிக்கல் எங்க வருதுன்னா, காப்பாத்துற வென்டிலேட்டரும் ஆக்சிஜனுமே அந்தப் பிஞ்சு நுரையீரல கொஞ்சம் கொஞ்சமா காயப்படுத்தும். வயித்துல இருந்திருந்தா 36 வாரம் ஆகியிருக்கும்ங்குற நாள்லயும் பிள்ளைக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டா அத பிபிடின்னு சொல்றாங்க, நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு. அதனாலதான் முடிஞ்சவரைக்கும் ட்யூப் போடாம மூக்கு வழியா காத்த லேசா அழுத்திக் குடுக்குற சிபேப் வைக்கிறாங்க, சீக்கிரம் வென்டிலேட்டர்ல இருந்து எடுக்கப் பாக்குறாங்க, காஃபீன் மருந்து குடுக்குறாங்க. ஆமா, காபில இருக்குற அதே காஃபீன்தான், மூச்சு விட மறக்குற பிள்ளைக்கு அது ஞாபகப்படுத்துற மருந்து, பிபிடி வர வாய்ப்பையும் குறைக்குதுன்னு பெரிய ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிருக்காங்க.

கண்ணுக்கு வருவோம். விழித்திரைல ரத்தக்குழாய் வளர ஆரம்பிக்கிறது சுமாரா 16வது வாரத்துல, நடுவுல கண் நரம்பு இருக்குற இடத்துல இருந்து ஓரத்த நோக்கிப் போகும், கடைசி ஓரத்த தொடுறப்போ பிரசவ தேதியே வந்துடும். 27 வாரத்துல பொறந்தா அந்த வேலை பாதிலயே நிக்குது. வயித்துக்குள்ள ஆக்சிஜன் கம்மி, வெளிய வந்ததும் திடீர்னு அதிகம், அதனால குழாய் வளர்றது நின்னு போகுது. ஆனா விழித்திரை வளர்ந்துக்கிட்டே போகும், கொஞ்ச வாரத்துல அதுக்கு ஆக்சிஜன் பத்தாம போய், எனக்கு ரத்தம் வேணும்னு சிக்னல் அனுப்ப ஆரம்பிக்கும், அப்ப தாறுமாறா, கசியுற மாதிரி புதுக் குழாய்ங்க கிளம்பும். அது தழும்பா மாறி விழித்திரைய இழுத்தா, விழித்திரையே பிஞ்சு வந்துடும். குறைமாசப் பிள்ளைங்களுக்கு வர்ற இந்த விழித்திரை நோய்தான் ஆர்ஓபி.

1942ல டெர்ரிங்குற கண் டாக்டர் இத முதல்ல எழுதினப்போ யாருக்கும் காரணம் தெரியல. 1951ல ஆஸ்திரேலியாவுல கேட் கேம்பெல்ங்குற டாக்டரம்மா ஆக்சிஜன் மேல சந்தேகப்பட்டாங்க, அடுத்த சில வருஷத்துல அமெரிக்கால நடந்த ஆராய்ச்சியும் அதையே சொல்லுச்சு. சரின்னு எல்லாரும் ஆக்சிஜன இறுக்கிப் பிடிச்சாங்க, பார்வை போறது குறைஞ்சுது, ஆனா மூச்சு பத்தாம குழந்தைங்க செத்துப் போனாங்க. இத படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறல. 2010ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியிலயும் இதே இழுபறிதான், சாச்சுரேஷன, அதாவது ரத்தத்துல இருக்குற ஆக்சிஜன் அளவ, 85ல இருந்து 89 சதவீதத்துக்குள்ள வச்ச பிள்ளைங்களுக்கு கண் பாதிப்பு கம்மி, இறப்பு அதிகம். அதனால இப்ப பெரும்பாலும் 90க்கும் 95க்கும் நடுவுல வைக்கிறாங்க.

மானிட்டர்ல 99, 100ன்னு காட்டினா நமக்கு நிம்மதியா இருக்கும், ஆனா சிஸ்டர் வந்து அத பாத்துட்டு ஆக்சிஜன் குமிழ கொஞ்சம் குறைப்பாங்க, திரும்ப 93க்கு இறங்குற வரைக்கும் அங்கேயே நிப்பாங்க. ஏன் குறைக்கிறீங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க, அவங்க அந்த நேரத்துல கண்ணையும் நுரையீரலையும் சேர்த்து காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. (ஆக்சிஜனே வைக்காம சாதாரணக் காத்துலயே 100 காட்டுதுன்னா அதுல கவலைப்பட ஒன்னுமில்ல.)

கண் செக்கப் பாக்க கஷ்டமா இருக்கும், முன்னாடியே தெரிஞ்சிக்கோங்க. கண்ணுல சொட்டு மருந்து ஊத்தி கண்மணிய விரிய வைப்பாங்க, துணில இறுக்கமா சுத்தி, வாயில ரெண்டு துளி சர்க்கரைத் தண்ணி வச்சு, இமை மூடாம இருக்க ஒரு சின்னக் கம்பி கிளிப் போட்டு, தலைல லைட் மாட்டிக்கிட்டு லென்ஸ் வழியா ஓரம் ஓரமா பாப்பாங்க. பிள்ளை வீறிட்டு அழும், கொஞ்ச நேரம் கண்ணு சிவந்து வீங்கியிருக்கும். அப்புறம் சரியாகிடும்.

நோய் எவ்வளவு முத்தியிருக்குங்குறத ஸ்டேஜ்னு சொல்வாங்க, ஸ்டேஜ் 1, 2ன்னு சொன்னா உடனே உடைஞ்சு போகாதீங்க, நிறைய பிள்ளைங்களுக்கு அது தானாவே சரியாகுது. ஆனா சிகிச்சை வேணும்னு சொல்லிட்டா ரெண்டு மூணு நாளுக்குள்ள செஞ்சாகணும், நல்ல நாள் பாக்குறது, நாலு பேர்கிட்ட கேக்குறதுக்கெல்லாம் நேரம் கிடையாது. லேசர் பண்ணுவாங்க, இல்லன்னா கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்க. ஊசி போட்டா திரும்ப வர வாய்ப்பு இருக்குறதால ரொம்ப நாள் தொடர்ந்து பாக்கணும்.

எனக்கு இதுல பெரிய பயமே டிஸ்சார்ஜ்தான். பிள்ளை பால் குடிக்குது, எடை ஏறுது, வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாங்க, அந்த சந்தோஷத்துல அடுத்த கண் செக்கப் தேதி காணாம போயிடும். வெளிய பாத்தா கண்ணு அழகா, பளிச்சுன்னு இருக்கும், ஒன்னும் தெரியாது. கண்மணி வெள்ளையா தெரியுற வரைக்கும் விட்டுட்டா பெரும்பாலும் காலம் கடந்துடும். யாருக்கு செக்கப் வேணும்ங்குறது நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவுல 30 வாரம் இல்லன்னா 1500 கிராம் வரைக்கும் கட்டாயம், இந்தியாவுல 34 வாரத்துக்கு கீழ இல்லன்னா 2000 கிராமுக்கு கீழன்னு இன்னும் பெரிய பிள்ளைங்களையும் சேர்க்குறாங்க. முதல் செக்கப் பொறந்து நாலு வாரத்துக்குள்ள, ரொம்ப சின்னப் பிள்ளைன்னா இந்தியாவுல ரெண்டு மூணு வாரத்துலயே.

நுரையீரல் விஷயத்துல ஒரு நல்ல சேதி, அது பொறந்தப்புறமும் சில வருஷம் புதுசா வளர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால எடை ஏறுறது ரொம்ப முக்கியம். வீட்டுக்குள்ள சிகரெட் புகை கூடவே கூடாது, சளி பிடிச்சவங்க யாரா இருந்தாலும், பாட்டியாவே இருந்தாலும், தூக்கக் கூடாதுன்னு சொல்லத் தயங்காதீங்க, நுரையீரலத் தாக்குற ஆர்எஸ்வி வைரஸ் வந்தா இந்தப் பிள்ளைங்க திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அதுக்கு தடுப்பு ஊசி கிடைக்குதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு கண் ரிப்போர்ட்ட தனியா கேட்டு வாங்குங்க, அதுல எந்த ஜோன் (விழித்திரைல எந்தப் பகுதி), எந்த ஸ்டேஜ், அடுத்த தேதி என்னன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஊரு மாறிப் போறீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க ஆர்ஓபி பாக்குற கண் டாக்டர் யாருன்னு விசாரிச்சு அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க, எல்லா கண் டாக்டரும் இத பாக்குறதில்ல.