நான்கு மணிக்கு எழ வேண்டிய கணினி

வீட்டுக் கணினியில் சேர்ந்துவிட்ட ஒளிப்படங்களை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கும் வேலையை, அதிகாலை 4 மணிக்குக் கணினியே எழுந்து முடித்துவிட்டு, பிறகு தானே அணைந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் விருப்பம். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஆர்டிசி அலாரம் என்றொரு அமைப்பு உண்டு. கணினிக்குள்ளேயே இருக்கும் ஆர்டிசி என்ற கடிகாரத்தைக் கொண்டு, குறித்த நேரத்தில் கணினியை எழுப்புவது அது. அதில் தினமும் 04:00 என்று குறித்துவிட்டுப் படுத்தேன். கணினி எழுந்ததோ காலை ஒன்பதரைக்கு, நான் அலுவலகத்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது.

தாமதம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதைக் கவனித்ததும் விஷயம் விளங்கியது. கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலுள்ள இந்தக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைத்திருக்கும். லினக்ஸோ வழக்கமாக, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். என்னுடையது லினக்ஸ் என்பதால், இந்திய நேரம் 4 மணிக்கு எழுப்ப வேண்டுமென்றால் பயாஸில் 22:30 என்றுதான் குறிக்க வேண்டும். தேதியோடு குறிப்பவர்கள் முந்தைய நாளின் தேதியைக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிகாரம் 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் வழித்தோன்றல். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு நொடி கிடைக்கும். அன்றைய கடிகாரச் சில்லின் அலாரத்தில் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் இருந்தது. தேதி பிற்காலத்துச் சேர்க்கை.

நேரத்தைத் திருத்திய பிறகும் இரண்டு நாள் கணினி எழவில்லை. மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று நான் இரவில் சுவர் சுவிட்சை அணைத்து வந்ததே காரணம். மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரியால் கடிகாரத்தை ஓட்ட முடியுமே தவிர, கணினியை எழுப்ப முடியாது. கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் அதற்குத் தேவை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் கணினியை எழுப்பும் தேர்வைக் குறித்தால் மட்டும் போதாது, பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களையும் அனுமதிக்க வேண்டும். லினக்ஸில் ஆர்டிசிவேக் என்ற கட்டளை இருக்கிறது. உறக்க நிலைக்கு அனுப்பி 120 நொடியில் எழுப்பச் சொல்லி, பகலிலேயே அருகில் உட்கார்ந்து சோதித்துவிடலாம். நான் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.