எருமையும் நந்திவிசாலனும்

ஜூலை 8, செவ்வாய்

பையனுக்குப் பள்ளியில் கதை சொல்லும் போட்டி. ஜாதகக் கதை ஒன்று, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை, நாலு நிமிஷம். மொத்தம் 547 கதைகள், எதை எடுக்க? எனக்குப் பிடித்த நந்திவிசாலனையே எடுத்தேன்.

தட்சசீலத்தில் ஒரு பிராமணர் பிள்ளை போல வளர்த்த காளை அது. அந்த நன்றிக்காக, "நூறு வண்டியைச் சேர்த்துக் கட்டுங்கள், இழுக்கிறேன், ஆயிரம் பந்தயம் வையுங்கள்" என்கிறது. மணல், சரளை, கல் எல்லாம் ஏற்றியாயிற்று. மனுஷன் வண்டியில் ஏறித் தார்க்குச்சியை ஓங்கி, "இழுடா போக்கிரி!" என்றாரே பார்க்கலாம், காளை நாலு காலையும் தூண் மாதிரி ஊன்றி நின்றுவிட்டது. ஆயிரம் போச்சு. வீட்டில் சுருண்டு படுத்தவரிடம் அது வந்து கேட்கிறது: உங்கள் வீட்டில் இத்தனை நாளில் ஒரு பானையாவது உடைத்திருக்கிறேனா? யாரையாவது இடித்திருக்கிறேனா? கண்ட இடத்தில் சாணி போட்டிருக்கிறேனா? அப்புறம் ஏன் போக்கிரி என்றீர்கள்? போய் இரண்டாயிரம் கட்டுங்கள். மறுமுறை "என் ராசா" என்று தடவிக் கொடுத்ததும் நூறு வண்டியும் நகர்ந்தது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "நீ என்னை தினம் எருமைன்னுதானே எழுப்புறே" என்றான். சிரித்து மழுப்பினேன். விடவில்லை. "ஆனா அந்த மாடு எதையும் உடைக்கலை. நான் உடைச்சேனே, அப்போ?"

போன வாரம் அம்மா கொடுத்த பீங்கான் ஜாடியை, மாவடுவோடு, போட்டு உடைத்தான். சமையலறைத் தரையில் இன்னும் அந்த உப்புத் தண்ணீர் வாசம் போகவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் குக்கரை இறக்கப் போய்விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது நிலாவைக் காட்டி முயல் கதை சொன்னேன். நமக்கு அங்கே பாட்டி வடை சுடுகிறாள், ஜாதகத்தில் முயல். பிச்சை கேட்டு வந்தவனுக்குக் கொடுக்கப் புல்லைத் தவிர ஒன்றுமில்லாததால் தன்னையே தரத் தீயில் குதித்த முயல். வந்தவன் சக்கன், அதாவது இந்திரன், தீ சுடவில்லை, அவனே நிலாவில் முயலை வரைந்து வைத்தான். எனக்கு இந்தக் கதை ஒத்துவராது, இவ்வளவு பெரிய தியாகத்தை யாரால் முடியும்? ஆனால் குதிக்கும் முன் முயல் மூன்று முறை உடம்பை உதறுகிறது, ரோமத்துக்குள் இருக்கும் பூச்சிகள் கருகிவிடக் கூடாதென்று. அந்த உதறல் போதும் எனக்கு.

ஜூலை 12, சனி

மாம்பலத்தில் ரயில் ஏறி எழும்பூர். அருங்காட்சியகத்தில் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள். வட்டமான ஒரு சுண்ணாம்புக்கல் பலகை முன் நின்றோம். ஒரே யானை இரண்டு முறை: ஒரு பக்கம் வெறி பிடித்து, மறுபக்கம் புத்தர் முன் பணிந்து. மேலே சன்னல்களில் எட்டிப் பார்க்கும் தலைகள், நம் தெருவில் சண்டை நடந்தால் பால்கனியில் தெரிவது மாதிரியே.

நளகிரி. ராஜகிருகத்தில், புத்தரைக் கொல்ல நினைத்த தேவதத்தன் ஏவிவிட்ட, மனிதரைக் கொன்ற யானை. பானை உடைக்காத மாடு இல்லை இது. அதன்மேல்தான் புத்தர் அன்பைப் பரப்பினார், நெற்றியைத் தடவினார். யானை அவர் காலடித் தூசியைத் துதிக்கையால் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கொட்டாரத்துக்குத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டதாம்.

பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஜாடியைவிட இது பெருசு" என்றான். ஆமாம் என்றேன். வெளியே வந்து ஆளுக்கொரு பன்னீர் சோடா.

ஜூலை 14, திங்கள்

இன்று போட்டி. மணி ஆறரை, வேனுக்கு நேரமாச்சு, அவன் அசையவில்லை. "எழுந்திருடா எரு..." என்று வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு, "எழுந்திரு ராசா" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து பதில்: "ரெண்டாயிரம்."