அப்பா கையில் ஒரு தெர்மாமீட்டர்

சோயா மெழுகுவர்த்தியை வீட்டிலேயே செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மெழுகை உருக்கணும், வாசனை எண்ணெய் கலக்கணும், திரி வைத்த கிளாஸில் ஊற்றணும், அப்புறம் தொடாமல் இருக்கணும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் எங்கள் வீட்டில் ஆளே கிடையாது.

மெழுகுப் பாக்கெட்டைப் பிரித்ததுமே தம்பி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது என்ன சோப்புத் தூளா?" என்றான். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்குவார்கள், அதைச் செதில் செதிலாக்கித்தான் விற்கிறார்கள் என்று நான் ஆரம்பித்தபோதே அவன் நழுவிவிட்டான். நின்று கேட்டது அப்பா. அதுதான் வினையாகிப்போனது. ஓய்வுபெற்றதிலிருந்து மேற்பார்வை பார்க்க எதுவும் அகப்படாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர் அவர். தெர்மாமீட்டரை நான் மேசைமேல் வைத்தேன், அவர் எடுத்துக்கொண்டார், இன்றுவரை திருப்பித் தரவில்லை.

முதலில் அளவு. கிளாஸில் எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பார்த்தேன், 200 கிராம். மெழுகு தண்ணீரைவிட லேசு, அதனால் 180 கிராம் போதும், வாசனை எண்ணெய் அதில் 8 சதவீதம், அதாவது 14 கிராம் சொச்சம். "சொச்சம்னா எவ்வளவு?" என்றார் அப்பா. 14.4 என்று சொன்ன பிறகுதான் விட்டார். தம்பிக்கோ அளவு என்றாலே ஆகாது. "முழு பாட்டிலையும் கவிழ்த்தா வாசனை தூக்கலா இருக்கும்ல?" தூக்கலாக இருக்காது, மெழுகால் பிடித்துவைக்க முடியாத எண்ணெய் முத்து முத்தாக மேலே கசிந்து நிற்கும், எரிவதும் ஒழுங்காக எரியாது. சரி என்று போனவன் கேக்குக்குப் போடும் கலர் பாட்டிலோடு திரும்பி வந்தான். அது தண்ணீரில் கரைகிற சாயம், மெழுகோடு ஒட்டாது. அப்புறம் கிரேயான். அதிலிருக்கும் துகள் திரியை அடைத்துவிடும். வெள்ளையாகவே இருக்கட்டும் என்றதும், "அப்போ இதுல எனக்கு என்ன வேலை?" என்று முறைத்தான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. மெழுகை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, சூடு கைமீறி ஏறினால் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு பரவும், மூடிபோட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று நான் பயமுறுத்திக்கொண்டிருந்தபோதுதான் அம்மா எட்டிப்பார்த்தாள். தீயெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

"அது என் பால் பாத்திரம்."

"இனிமே மெழுகுப் பாத்திரம்மா."

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

எங்கள் மெழுகுக்கு 85 டிகிரியில் வாசனை எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறி, 55க்கு இறங்கியதும் ஊற்ற வேண்டும். இது மெழுகுக்கு மெழுகு மாறும், பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. 85லிருந்து 55க்கு இறங்குகிற நேரம் இருக்கிறதே, அதில் ஒரு தூக்கம் போடலாம். அப்பா போடவும் இல்லை, போட விடவும் இல்லை. "எழுபத்தொண்ணு... எழுபது... இப்போ எழுபதிலேயே நிக்குது, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." நாங்கள் தள்ளி நிற்பதற்கும் மெழுகு ஆறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அம்மாதான், "ஏங்க, அது மெதுவா இறங்கட்டும், நீங்க முதல்ல அடுப்படியை விட்டு இறங்குங்க" என்றாள்.

ஒருவழியாக ஊற்றி, திரி சாயாமலிருக்கத் துணி கிளிப்பால் பிடித்துவைத்தோம். பாத்திரத்தைக் கழுவுகிறேன் என்று தம்பி வெந்நீரோடு சிங்க் பக்கம் போனான். அம்மா போட்ட சத்தத்தில் வெந்நீர் பாதி அவன் காலிலேயே கொட்டியது, நல்லவேளை அது அதற்குள் வெதுவெதுப்பாகியிருந்தது. மெழுகு குழாய்க்குள் போய் உறைந்தால் அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டியதுதான். சூடு இருக்கும்போதே காகிதத்தால் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டால் தீர்ந்தது.

மறுநாள் காலை பார்த்தால் கிளாஸ் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "பூஞ்சணம் பிடிச்சிருச்சு" என்றாள் அம்மா, குரலில் கொஞ்சம் திருப்தியோடு. பூஞ்சணம் இல்லை, சோயா மெழுகு ஆறும்போது இப்படிப் படிகம் கட்டுவது அதன் பிறவிக் குணம், எரிவதற்கு அதனால் ஒரு குறையும் வராது. ஆனால் நட்டநடுவில் திரிக்குப் பக்கத்தில் ஒரு குழி இருந்ததே, அது பிறவிக் குணம் இல்லை, யாரோ விரல் வைத்திருக்கிறார்கள். அப்பா ஒவ்வொருவர் விரலாக முகர்ந்து பார்த்தார். தம்பியின் ஆள்காட்டி விரலில் லேவண்டர் கமகமவென்றிருந்தது. ஹேர் டிரையரைக் காட்டி மேலே லேசாக இளக்கினேன், குழி சமமாகிவிட்டது. தம்பியின் பெயர் மட்டும் இன்னும் சமமாகவில்லை.

சோயா மெழுகில் வாசனை ஊறிப் பிடிக்க இரண்டு வாரம் கொடுப்பது நல்லது. அப்பா கிளாஸில் தேதி ஒட்டி பீரோ மேல் ஏற்றினார். சித்தி வந்து, "ஒரே ஒரு தடவை கொளுத்திப் பார்ப்போமே" என்றபோது தேதியைத்தான் காட்டினார். சித்தி பேசாமல் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நாள் வந்தது. திரியை ஆறு மில்லிமீட்டருக்கு ஸ்கேல் வைத்து வெட்டினார். முதல் தடவை ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம்வரை உருக வேண்டும், பாதியில் அணைத்தால் அடுத்தடுத்த தடவையும் நடுவில் மட்டுமே குழிவாங்கிக்கொண்டு இறங்கும், ஓரத்து மெழுகு வீணாய் நிற்கும். ஒரு அங்குல அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு. எங்கள் கிளாஸ் மூன்று அங்குலம். காற்று பட்டால் சுடர் ஆடிப் புகை கக்கும் என்று படித்துவைத்திருந்தவர் ஃபேனை நிறுத்தினார். அரை மணி நேரம் எல்லோரும் வியர்த்து வழிந்தபடி சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அம்மா எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு சுவிட்சுக்கு முன்னாலேயே நின்றுகொண்டாள்.

அப்பா வாதாடவில்லை. மெழுகுவர்த்தியை அணைக்காமல் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு குளியலறைக்குள் போனார். எரிகிற மெழுகுவர்த்தியைத் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது என்பதும் அவர் படித்த விதிகளில் ஒன்று, அதனால் ஸ்டூலையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து தம்பி கதவைத் தட்டி, "அப்பா, அவசரம்" என்றான்.

"இன்னும் ஒரு சென்டிமீட்டர்தான்டா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.