விண்டோஸ் 11 வட்டைப் பூட்டுகிறது, சாவி எங்கே போகிறது?

புது லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டு, வருகிற திரையிலெல்லாம் நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போவோம். அதற்குள் வட்டுக் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டுவது, நடைமுறைக்கு வந்துவிடும். அதைத் திறக்கும் மீட்புச் சாவியும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். இந்த இரண்டைப் பற்றியும் நம்மிடம் நேரடியாக ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

குறியாக்கம் நல்லது. லேப்டாப் திருடுபோனால், வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்க முடியாது. அதை அணைத்து வையுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். என் குறை, சாவியை எங்கே வைப்பது என்று உரிமையாளரைக் கேட்காததில்தான். ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட் என்ற வட்டுக் குறியாக்கத்தைப் போடும்போது, ஐகிளவுட் வழியாகத் திறக்கும்படி வைப்பதா, 24 எழுத்துச் சாவியை நீங்களே எழுதி வைத்துக்கொள்கிறீர்களா என்று பல ஆண்டுகளாகக் கேட்டே வந்திருக்கிறார்கள். லினக்ஸில் லக்ஸ் (LUKS) என்ற குறியாக்க முறையில் பூட்டினால் கடவுத்தொடர் உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கும். விண்டோஸிலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இந்தத் தானியங்கிக் குறியாக்கத்துக்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள். அதனால் முன்பு தகுதி பெறாத கணினிகளிலும், புதிதாக நிறுவும்போது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற இந்தக் குறியாக்கம் தானாக வருகிறது. பழைய பதிப்பிலிருந்து அப்டேட் செய்தவர்களுக்கு இது தானாக ஆன் ஆகாது.

உள்ளே நடப்பது இதுதான். வட்டு பொதுவாக எக்ஸ்டிஎஸ்-ஏஇஎஸ் 128 பிட் என்ற முறையில் குறியாக்கம் ஆகிறது. அன்றாடம் அதைத் திறப்பது கணினிக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி. கணினி துவங்கும் விதம் மாறியிருப்பதாகத் தெரிந்தால் டிபிஎம் சாவியைத் தராது. நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பில் மாற்றம், மதர்போர்டு மாற்றம், டிபிஎம்மை அழித்தல் ஆகியவைதான் பெரும்பாலும் இதைக் கிளப்பிவிடும். அந்த நேரத்தில் சாவி கையில் இல்லையென்றால், கோப்புகள் போனது போனதுதான். மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தாலும் புதுச் சாவி உருவாக்கித் தர முடியாது. வேறு யாராவது தன் கணக்கைப் போட்டு அமைத்துக் கொடுத்த லேப்டாப் என்றால், உங்கள் வட்டின் சாவி அவர் கணக்கில் இருக்கும். இதை முதலில் சரிபாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அவர்களுக்கு வேறு ஒரு ஓட்டை இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மேனேஜ்-பிடிஇ கட்டளையை ஸ்டேட்டஸ் என்ற சொல்லோடு (manage-bde -status) இயக்கிப் பாருங்கள். பல கணினிகளில், சி டிரைவ் நூறு சதவீதம் குறியாக்கம் ஆகியிருக்கிறது என்று ஒரு வரி சொல்லும். சில வரிகள் தள்ளி, ப்ரொடெக்‌ஷன் ஆஃப் என்று இருக்கும். இரண்டும் உண்மைதான். சாவியை ஏற்றிவைக்கக் கணக்கு கிடைக்காததால், விண்டோஸ் சாவியைப் பூட்டாமல் அந்த வட்டிலேயே விட்டுவைத்திருக்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி. வட்டைக் கழற்றி எடுத்துப்போகிறவருக்கு எந்தத் தடையும் இல்லை.

ப்ரோ பதிப்பு இருந்தால் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ள முடியும். முதலில் முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, குறியாக்கம் முழுவதும் நீங்கும்வரை பொறுத்திருங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு வைப்பது நல்லது. பிறகு கன்ட்ரோல் பேனலில், வட்டைப் பூட்டும் விண்டோஸ் கருவியான பிட்லாக்கரைத் திறந்து ஆன் செய்தால், சாவியை எங்கே வைப்பது என்று இந்த முறை கேட்கும்: கணக்கிலா, கோப்பாகவா, அச்செடுக்கவா. கணக்கைத் தொடாமல், பென்டிரைவில் ஒரு கோப்பாகவும் தாளில் ஓர் அச்சாகவும் எடுங்கள். பூட்டப்போகும் அதே வட்டில் சேமிக்க அது விடாது. அடுத்து, வட்டில் பயன்படுத்திய இடம் மட்டும் போதுமா, முழு வட்டுமா என்று கேட்கும். ஏற்கெனவே புழங்கிய கணினிக்கு முழு வட்டையே தேர்ந்தெடுங்கள், நீக்கிய கோப்புகளின் மிச்சம் காலி இடத்தில்தான் கிடக்கும். மறுபடி பூட்டும்போது அடிப்படைச் சாவியே புதிதாக உருவாவதால், கணக்கில் கிடக்கும் பழைய 48 இலக்கம் இனி இந்த வட்டைத் திறக்காது. குழப்பம் வராமல் இருக்க அதையும் கணக்குப் பக்கத்தில் நீக்கிவிடலாம்.

கையால் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். 135795 என்றால் 11 தடவை 12345, சரி. 135796 என்று எழுதியிருந்தால் மீதி வரும், எங்கோ பிழை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். எழுதிய கையோடு எட்டையும் வகுத்துப் பாருங்கள்.

ஹோம் பதிப்பின் செட்டிங்ஸில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச். அதை ஆன் செய்தால் சாவி கணக்குக்குப் போகும். ஹோம் வைத்திருப்பவர்கள் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆனிலேயே விட்டு, உண்மையிலேயே அந்தரங்கமான ஆவணங்களை மட்டும் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் பெட்டகக் கோப்புக்குள் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதன் கடவுச்சொல் எந்தக் கணக்குக்கும் போகாது. மறந்தால் மீட்கவும் வழி கிடையாது.

பயாஸ் அப்டேட் செய்யுமுன் பிட்லாக்கரில் சஸ்பெண்ட் ப்ரொடெக்‌ஷன் கொடுங்கள். குறியாக்கம் அப்படியே இருக்கும், காவல் மட்டும் சற்று விலகி நிற்கும். இதைச் செய்யாமல் அப்டேட் போட்டுவிட்டு நீலத் திரையில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இவ்வளவு செய்தும் சாவி திரும்ப மேகத்துக்கே போய்விடும் வழி ஒன்று உண்டு: மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ். கணக்கோடு உள்நுழைந்தவர்களுக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பல கணினிகளில் ஒன்டிரைவ் அடைவுக்குள் இடம் மாறியிருக்கும். பென்டிரைவிலிருந்த சாவிக் கோப்பை வசதிக்காக டெஸ்க்டாப்பில் ஒட்டினால், அடுத்த நிமிடமே அது மைக்ரோசாஃப்ட் சேமிப்பகத்தில் இருக்கும்.

அடைவுகளைத் திரும்பப் பெற, டாஸ்க்பாரில் மேக ஐகானை அழுத்தி, செட்டிங்ஸில் சிங்க் அண்ட் பேக்கப், அதில் மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் அணைக்க வேண்டும். அவசரப்பட்டு அணைத்தால் டெஸ்க்டாப் வெறிச்சோடிப் போனதைப் பார்த்துப் பதறுவோம். கோப்புகள் அழியவில்லை, ஒன்டிரைவ் அடைவிலேயே நின்றுவிட்டிருக்கலாம். அதனால் முன்கூட்டியே ஒன்டிரைவ் அடைவில் வலது கிளிக் செய்து ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் கொடுங்கள். மேகப் படம் போட்ட கோப்புகளெல்லாம் பச்சை அடையாளத்துக்கு மாறும்வரை காத்திருங்கள். மேகப் படம் இருக்கும்வரை அந்தக் கோப்பு உங்கள் வட்டில் இல்லை, பெயர்தான் இருக்கிறது. எல்லாம் இறங்கிய பிறகு பேக்கப்பை அணைத்து, கோப்புகளை வழக்கமான அடைவுகளுக்கு நகர்த்துங்கள். ஒன்டிரைவிலிருந்து வெளியேற்றும் எதுவும் அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும். சாவிக் கோப்பு அங்கே போயிருந்தால், அந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

கடைசியாக, மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ப்ரொடெக்டர்ஸ், கெட் என்ற சொற்களைச் சேர்த்து சி டிரைவுக்கு (manage-bde -protectors -get C:) இயக்கினால் நடப்புச் சாவியின் அடையாள எண் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளும் உங்கள் அச்சுத் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். நீலத் திரையில் தெரியும் அடையாள எண்ணும் அந்த எட்டு எழுத்துகளில்தான் தொடங்கும்.