ஒரு துப்பறியும் நாவல் புத்தகமான கதை

என் துப்பறியும் நாவல் வெளிவந்துவிட்டது. நாவலை எழுதுவது ஒரு வேலை, அதைப் புத்தகமாக்குவது வேறொரு வேலை. எழுதுவது பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். புத்தகமாக்குவது பற்றி விவரமாகச் சொல்பவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. கொன்றது யார், எப்படி, மறைக்க என்னென்ன செய்தார் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் முதல் அத்தியாயத்தைத் தொட்டேன். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், பாதிரியாராகவும் இருந்தவர், 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைத்த துப்பு வாசகருக்கும் கிடைக்க வேண்டும், தற்செயலாக எதுவும் நடந்து துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது. பத்தில் சில காலத்தோடு போய்விட்டன. இந்த மூன்றும் இன்றைக்கும் அப்படியே செல்லும். 'கவனித்திருந்தால் நீங்களும் கண்டுபிடித்திருக்கலாம்' என்று வாசகருக்குக் கொடுக்கும் வாக்குதான் இந்த வகை எழுத்தின் உயிர். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு வேலை பிடிக்கிறது என்பது தெரிந்தால், யாரும் இதை இரண்டாம்தர எழுத்து என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு உதாரணம். என் கதையில் தனியாக வாழும் முதியவர் ஒருவர் செவ்வாய்க்கிழமை இரவு கொல்லப்படுகிறார். அவர் வியாழன்வரை உயிரோடு இருந்ததாகக் காட்டுவதற்காக, மாத்திரைப் பெட்டியில் புதன், வியாழன் அறைகளைக் குற்றவாளி காலி செய்துவிடுகிறார். ஆனால் நாட்காட்டித் தாளைக் கிழிக்கவில்லை. முதியவர் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் காரியம் அது என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் வேறு ஏதோ பேச்சில் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். நாட்காட்டி கண்ணில் படுவது ஐந்தாம் அத்தியாயத்தில்: 'ஆணியில் தொங்கும் குடை, செவ்வாயில் நிற்கும் நாட்காட்டி, ஜன்னலோரம் வாடிப்போன பூச்செடி.' மூன்று பொருட்களை அடுக்கினால் கடைசியில் வருவதுதான் மனதில் தங்கும். அதனால் துப்பை நடுவில் வைத்தேன். வாடிய செடியைப் பார்த்து வாசகர் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது நாட்காட்டி நழுவிப் போய்விடும். ஆனாலும் அது அவர் கண்முன்னால்தான் இருந்தது.

இறந்த நேரத்தை மருத்துவர் சொல்லிவிட மாட்டாரா என்று கேட்பார்கள். தடயவியல் தெரிந்த ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டேன். முதல் நாளுக்குள் என்றால் ஓரளவு நெருங்கிச் சொல்லலாம், நாள் ஏற ஏறக் கணிப்பு அகன்றுகொண்டே போகும் என்றார். அதனால் கதையில் உடல் பத்து நாள் கழித்துத்தான் கிடைக்கிறது.

சரி, பிரதி முடிந்தது. பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். சிலரிடமிருந்து பதிலே இல்லை. துப்பறியும் கதை போடுவதில்லை என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். இன்னொருவர், அச்சாகும் பிரதிகளில் ஒரு பகுதியை நானே விலைகொடுத்து வாங்க வேண்டும் என்றார். கடைசியில் ஒரு இடத்திலிருந்து ஒப்பந்தம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என எல்லா உரிமைகளும் பதிப்புரிமைக் காலம் முழுக்க அவர்களுக்கு என்று அதில் இருந்தது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமை என்பது பொதுவாக எழுதியவரின் வாழ்நாளும், அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும். அதாவது நான் போன பிறகும் புத்தகம் என் குடும்பத்துக்குத் திரும்பாது. ஆண்டுக் கணக்கு வையுங்கள், ஒலிநூலையும் திரைப்படத்தையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை திரும்ப வரும் என்று ஒரு விதி மட்டும் சேர்க்கச் சம்மதித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சடிக்க முடிகிறது, மின்னூல் எப்போதும் கடையில் கிடக்கும். ஆகவே எந்தப் புத்தகமும் 'விற்பனையில் இல்லை' என்ற நிலைக்கே வராது. ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கையில் எழுதினால்தான் அந்த விதிக்குப் பொருள் உண்டு. ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது எடுத்துப் பாருங்கள். அவர்கள் எண்ணிக்கை எழுதச் சம்மதிக்கவில்லை, நான் கையெழுத்துப் போடவில்லை.

அப்புறம் நானே வெளியிடுவது என்று முடிவெடுத்தேன். 2007இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வந்தபோதே எழுத்தாளர் தன் கோப்பைத் தானே ஏற்றி விற்கும் வழியும் சேர்ந்தே திறந்தது. அந்த வழி இப்போது பழகிவிட்டது. ஆனால் பதிப்பகம் செய்துவந்த வேலைகள் எங்கும் போய்விடவில்லை, எல்லாம் நம் தலையில் வந்து விடிகின்றன. அட்டைப்படத்தில் சிக்கனம் பிடிக்கலாம், விளம்பரமே இல்லாமல்கூட ஓட்டலாம். எடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். என் எடிட்டர் கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் எந்த நாள் எந்த விஷயம் தெரியவந்தது என்று ஒரு அட்டவணை போட்டார். எழுத்துப்பிழை பார்ப்பவர் வேறு ஆள். இரண்டையும் ஒருவரே செய்வார் என்று நம்பிவிடக் கூடாது.

பிழை பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. பழைய எழுத்துருவில் தட்டியிருந்த சில அத்தியாயங்களை யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். கௌதமன் என்ற பாத்திரத்தின் பெயரைத் தேடினால் பாதி இடங்கள்தான் அகப்பட்டன. மற்ற இடங்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'கெ' எழுத்தும் அதன் பக்கத்தில் 'ள' எழுத்தும் தனித்தனியாக இருந்தன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடலில் சிக்காது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் 'கெளதமன்' என்றே படிக்கும். பார்வையற்ற வாசகர்கள் நிறையப் பேர் அதன் வழியாகத்தான் படிக்கிறார்கள். எல்லா 'ௌ'வையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

கோப்பு ஏற்றுவது பெரிய வேலையில்லை. இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு வகை உள்ளே இணையப்பக்கம் போன்றதுதான். அத்தியாயத் தலைப்புகளை முறையாகக் குறித்துவிட்டால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். நூலில் செயற்கை நுண்ணறிவு எழுதிய பகுதி உண்டா என்று 2023இலிருந்து கிண்டிலில் ஏற்றும்போது கேட்கிறார்கள். இல்லை என்று குறித்தேன். அந்தக் கேள்வி இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

கிண்டிலில் மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள் புரட்டும் பக்கங்களை எண்ணி எழுத்தாளருக்குப் பணம் தரும் முறை 2015இல் வந்தது. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு அதிர்ச்சியில் முடித்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பேசும் இரண்டாம் அத்தியாயம் மெதுவாகத்தான் போகிறது. அதைத் தொடவில்லை. அங்கே அதிர்ச்சி வைத்தால் அவர் சொல்லும் நாட்காட்டிப் பழக்கத்தின் மேல் வெளிச்சம் விழுந்துவிடும்.

இதுவரை எழுதிய வாசகர்களில் ஒருவர், நாட்காட்டியை ஐந்தாம் அத்தியாயத்திலேயே பிடித்துவிட்டதாகச் சொன்னார். மற்றவர்கள் முடிவைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒரே அளவு சந்தோஷம். அடுத்த நாவலுக்கு அதே எடிட்டரிடம் இப்போதே தேதி வாங்கிவிட்டேன்.